காபியை நிறுத்திய பிறகு படபடப்பு கூடுவது ஏன்?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. வயது 38, வங்கி வேலை, பல வருடமாக நாளுக்கு ஐந்து ஃபில்டர் காபி. நெஞ்சு படபடக்கிறது என்று டாக்டரிடம் போனீர்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை, காபியைக் குறையுங்கள் என்றார். நீங்கள் திங்கட்கிழமை காலை ஒரேயடியாக நிறுத்திவிட்டீர்கள். செவ்வாய் முழுக்க மண்டையைப் பிளக்கும் தலைவலி. புதன்கிழமை மெடிக்கலில் கேட்டு வாங்கிய தலைவலி மாத்திரை இரண்டு போட்டதும் வலி விட்டது, இன்று திரும்ப வந்திருக்கிறது. இப்போது வியாழன் இரவு. ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சை யாரோ அழுத்துகிற மாதிரி விழிப்பு வருகிறது. “காபியை விட்டதால் எனக்கு மனநோய் ஏதாவது வந்துவிட்டதா? பேசாமல் திரும்பக் குடித்துவிடட்டுமா?” என்று கேட்கிறீர்கள்.

காபியை விட்டதால் மனநோய் வராது. நீங்கள் சொல்கிற தலைவலி, சோர்வு, எரிச்சல், அழுகை, எதிலும் மனம் ஒட்டாதது எல்லாமே கஃபீன் விலகல் அறிகுறிகள், அதாவது காபியிலுள்ள கஃபீன் என்ற ஊக்கப்பொருள் திடீரென்று நின்றதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் நோய்களை வகைப்படுத்தும் கையேட்டில் 2013 முதல் இது தனிப் பெயரோடு இருக்கிறது, அதாவது உங்கள் கற்பனை இல்லை. நிறுத்தியதும் சரிதான், நிறுத்திய வேகம்தான் உங்களைப் படுத்துகிறது. திரும்ப ஐந்து காபிக்குப் போக வேண்டாம். ஆனால் கொஞ்சம் குடிக்கலாம். ஏன், எவ்வளவு என்று சொல்கிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. மாத்திரை ஆரம்பிப்பதும் மாற்றுவதும் உங்கள் டாக்டரின் வேலை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். விழித்திருக்கும் நேரம் ஏற ஏற மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். மூளைச் செல்களில் அதற்கென்று இருக்கும் இருக்கைகளில், அதாவது ஏற்பிகளில், அது போய் உட்கார்ந்தால் நமக்குக் களைப்பு, தூக்கம். கஃபீன் பார்க்க அடினோசின் சாயலில் இருக்கும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி அந்த ஏற்பிகளில் முன்னாலேயே இடம் பிடித்துவிடும், அடினோசின் நின்றுகொண்டே வரும். களைப்பு அப்படியேதான் இருக்கிறது, தெரிவதில்லை, அவ்வளவுதான். தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது, கூடுதலாக ஏற்பிகளை உண்டாக்கிக்கொள்ளும். திங்கட்கிழமை நீங்கள் துண்டையெல்லாம் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டீர்கள். பழைய இடம், புதிய இடம் எல்லாவற்றிலும் அடினோசின் உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் சாதாரணக் களைப்பு இல்லாமல் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. தலைவலிக்கும் இதே காரணம்தான். கஃபீன் மூளையின் ரத்தக் குழாய்களைச் சற்றுச் சுருக்கி வைத்திருந்தது. இப்போது அவை விரிந்து ரத்த ஓட்டம் கூடுகிறது, வலி விண்ணென்று தெறிக்கிறது.

இந்தக் கூடுதல் ஏற்பிகள் நிரந்தரம் இல்லை. விலகல் அறிகுறிகள் கடைசிக் காபிக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் ஆரம்பிக்கும், ஒன்று இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் 2 முதல் 9 நாளில் அடங்கிவிடும். நாளுக்கு 100 மில்லிகிராம் அளவில் குடிப்பவர்களுக்கே வரக்கூடியது இது. உங்கள் கணக்கைப் போடுவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 150 மில்லி ஃபில்டர் வகைக் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 கஃபீன் என்று இருக்கிறது. ஒரு நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பதும் அதே வழிகாட்டி சொல்வதுதான். ஐந்து டம்ளர் என்றால் குறைத்துப் பிடித்தாலும் 400. அதிலிருந்து ஒரே நாளில் பூஜ்யத்துக்கு இறங்கினால் உடம்பு சத்தம் போடத்தான் செய்யும்.

உச்சம் செவ்வாய், புதனோடு முடிந்திருக்க வேண்டுமே, வியாழனும் ஏன் இப்படி என்று கேட்பீர்கள். அதற்கு அந்த மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அட்டையைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கும் தலைவலி மாத்திரைகள் பலவற்றில் வலி மருந்தோடு கஃபீனும் சேர்ந்திருக்கும். சாரிடானில் ஒரு மாத்திரைக்கு 50 மில்லிகிராம் உண்டு. சில சளி மாத்திரைகளிலும் இருக்கிறது. கஃபீன் வலி மருந்தின் வேலையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும் என்பதால்தான் சேர்க்கிறார்கள், அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனால் காபியை விட்டவர் அப்படிப்பட்ட மாத்திரை இரண்டு போட்டால் ஒரு டம்ளர் காபி குடித்ததற்குச் சமம். வலி உடனே பறந்துவிடும், மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நிற்கும். கடையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். “காபியை விட்டு ஒரு மாசம் ஆச்சு, இந்த மாத்திரை இல்லாம இருக்க முடியல” என்பார்கள். காபி மாத்திரையாக மாறியிருக்கிறது, அவ்வளவே. கூட்டு மருந்து சேர்ந்த வலி மாத்திரைகளை மாதத்தில் பத்து நாளுக்கு மேல் சில மாதங்கள் தொடர்ந்து போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் என்பது வேறு கதை. ஆகவே வலி தாங்கவில்லை என்றால் வெறும் பாராசிட்டமால், அதுவும் இரண்டு மூன்று நாளுக்குமேல் வேண்டாம். கல்லீரல் கோளாறு இருந்தால் கேட்காமல் அதையும் போடாதீர்கள்.

சரி, பயத்துக்கு வருவோம். இங்கே ஒரு முரண் இருக்கிறது. பதற்றத்தைக் கூட்டுவது கஃபீன்தான், அது இல்லாமல் போவது அல்ல. அதிகக் கஃபீன் கைநடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை, காரணமில்லாத பீதி எல்லாவற்றையும் கொண்டுவரும். திடீர் திடீரென்று கடும் பயம் தாக்கும் பீதி நோய் உள்ளவர்களுக்கு ஒரே நேரத்தில் ஐந்து கப் அளவு கஃபீன் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பீதித் தாக்கு வந்திருக்கிறது. விலகல் அறிகுறிகளின் பட்டியலில் முன்னால் நிற்பவை தலைவலி, சோர்வு, மந்தம், மனச்சோர்வு, எரிச்சல். அப்படியானால் விட்ட பிறகு பயம் கூடுவது எப்படி?

உங்கள் விஷயத்தில் நான் நினைப்பது இது. நெஞ்சுப் படபடப்புக்காகத்தான் காபியையே விட்டீர்கள். அதனால் உங்கள் கவனம் முழுக்க இப்போது உடம்பின் மேல் இருக்கிறது. அந்த நேரம் பார்த்துத் தலை தெறிக்கிறது, வயிறு புரட்டுகிறது, கை கால் வலிக்கிறது, மனம் கனக்கிறது. “காபியை விட்டால் சரியாகும் என்றார்களே, மோசமாகிறதே, அப்படியானால் வேறு என்னவோ இருக்கிறது” என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணம் வந்ததும் அட்ரினலின் சுரந்து நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அடித்துக்கொள்வதைப் பார்த்து இன்னும் பயம். இரவு இரண்டு மணிக்குப் பேச ஆள் இல்லை, கைபேசியில் தேடினால் மாரடைப்பு என்று வருகிறது. இது விலகல் அறிகுறியின் மேல் ஏறி உட்கார்ந்த பயம். கீழே இருப்பது அடங்கினால் மேலே இருப்பதற்குப் பிடிமானம் குறையும்.

அப்புறம் ஒன்று, மற்றவர்கள் இதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்: காபி பலருக்குக் காலை உணவின் இடத்தில் இருக்கிறது. ஆறு மணிக்கு ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஆபீஸில் ஒன்று, இட்லி இரண்டு வாய் போனால் போனது. காபியை எடுத்துவிட்டால் அதிலிருந்த பாலும் சர்க்கரையும் சேர்ந்து போய்விடுகின்றன. பதினொன்றரைக்கு வரும் கைநடுக்கத்தில் பாதி பசி. இந்த வாரம் காலையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுங்கள்.

இன்றைக்கு இரவு விழிப்பு வந்தால் படுத்துக்கொண்டே நாடி பிடித்துப் பார்க்காதீர்கள், ஸ்மார்ட் வாட்சைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். எழுந்து உட்காருங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். விடுகிற மூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு இறங்கும். ஐந்து நிமிடம் செய்யுங்கள். “இது விலகல் அறிகுறி, இந்த வாரத்தோடு அடங்கும்” என்று வாய்விட்டே சொல்லிக்கொள்ளலாம், வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும். பீதித் தாக்கு எவ்வளவு மோசமாக இருந்தாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். ஆனால் நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வியர்த்துக் கொட்டினாலும், மூச்சு வாங்கினாலும் இதையெல்லாம் செய்துகொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தலைவலியிலும் அப்படித்தான்: திடீரென்று இடி மாதிரி வந்தது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பார்வை மங்கல், ஒரு பக்கம் பலவீனம் என்றால் அது காபி விஷயம் இல்லை.

இனி, எப்படி இறங்குவது? நாளைக் காலை அரை டம்ளர் காபி குடியுங்கள். தோல்வி என்று நினைக்க வேண்டாம். இதில் ஒரு சோதனையும் இருக்கிறது. விலகல் தலைவலியாக இருந்தால் ஒரு காபி அளவு கஃபீன் உள்ளே போன ஒரு மணி நேரத்தில் போய்விடும் என்பது தலைவலி நிபுணர்கள் வைத்திருக்கும் அடையாளங்களில் ஒன்று. அரை டம்ளரிலேயே வலி நன்றாகக் குறைந்தால் உங்கள் வலி இன்னது என்று தெரிந்துவிடும், பாதி பயம் அதோடு போய்விடும். குறையவே இல்லை என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். “இல்லை, நான்கு நாள் தாண்டிவிட்டேன், இனி தொட மாட்டேன்” என்று வீம்பு இருந்தால் அதுவும் சரிதான், கடினமான பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. இரண்டில் எது என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். ஒரு நாள் முழுப் பட்டினி, மறுநாள் நான்கு டம்ளர் என்று ஆடுவதுதான் மிக மோசமான வழி.

மெதுவாக இறங்குகிறவர்களுக்கு ஃபில்டர் காபியில் ஒரு வசதி இருக்கிறது, இன்ஸ்டன்ட் குடிக்கிறவர்களுக்கு அது அவ்வளவாகக் கிடையாது. சிக்கரியில் கஃபீன் அறவே இல்லை. இப்போது 80-20 (காபி 80, சிக்கரி 20) வாங்குகிறீர்கள் என்றால் அடுத்த முறை அரைக்கும் கடையில் 60-40 கேளுங்கள். நிறம் அப்படியே இருக்கும், டிகாக்ஷன் இன்னும் கெட்டியாகவே இறங்கும், கஃபீன் மட்டும் கால் பங்கு குறைந்திருக்கும். கொட்டை வகையையும் கேளுங்கள். ரொபஸ்டாவில் அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபீன் உண்டு. ரொபஸ்டா கலந்த பொடியிலிருந்து தனி அராபிகாவுக்கு மாறினால் அதுவே ஒரு படி இறக்கம். நாக்கில் காபி மாறியதே தெரியாமல் பாதி தூரம் வந்துவிடலாம். சுத்தக் காபி ரசிகர்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

எண்ணிக்கையைக் குறைக்கும்போது கடைசிக் காபியிலிருந்து ஆரம்பியுங்கள். கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணிக்கு வீடு திரும்பிக் குடிக்கும் காபியில் 100 மில்லிகிராம் இருந்தால் நள்ளிரவில் 50 மிச்சம் இருக்கும், நீங்கள் விழித்துக்கொள்ளும் இரண்டு மணிக்கும் கணிசமாகவே இருக்கும். அதனால் முதல் நான்கைந்து நாளில் இரவுக் காபி போகட்டும், அடுத்த நான்கைந்து நாளில் நான்கு மணிக் காபி, பிறகு பதினொரு மணிக் காபி. காலைக் காபியை கடைசி வரை விட்டுவையுங்கள், அதுதான் ஆளைப் பிடித்து வைத்திருப்பது. ஏற்கெனவே நான்கு நாள் காபி இல்லாமல் இருந்ததால் உங்களுக்கு இவ்வளவு படிகள் வேண்டாம். காலையில் அரை டம்ளர், மதியத்துக்கு முன் கால் டம்ளர், ஒரு வாரம் கழித்து மதியத்ததை எடுத்துவிடுங்கள்.

டீக்கு மாறிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு: நாளுக்கு ஆறு டீ என்பது மூன்று காபி. கிரீன் டீயிலும் கஃபீன் உண்டு. கோலாவிலும் எனர்ஜி டிரிங்கிலும் உண்டு. சுக்குமல்லிக் காபியில் பெயரில் மட்டும்தான் காபி, ஆனால் சில கடைகளில் ருசிக்குக் காபித்தூள் ஒரு சிட்டிகை போடுகிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். டிகாஃப், அதாவது கஃபீன் நீக்கிய காபி கிடைத்தால் வாங்கி வையுங்கள், அதில் கஃபீன் சில மில்லிகிராம்தான். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நாள் முழுக்கக் காபி இல்லாமல் இருந்தவர்களுக்கு டிகாஃப் கொடுத்து, இது டிகாஃப்தான் என்று சொல்லியும் விட்டார்கள். அப்படியும் அவர்களுடைய விலகல் அறிகுறிகள் குறைந்தன. வாசனை, சூடு, டம்ளரைக் கையில் பிடிப்பது இவற்றுக்கே மூளை பாதி சமாதானம் ஆகிவிடுகிறது. ஆகவே காபி நேரத்தை விடாதீர்கள். நான்கு மணிக்கு எல்லோரும் எழுந்து போகும்போது நீங்களும் போங்கள், டம்ளரில் இருப்பது மட்டும் வேறாக இருக்கட்டும். வீட்டில் “ஒரு வாய் குடிச்சா என்ன ஆயிடப்போகுது” என்று மாமியார் நீட்டினால், டாக்டர் மூன்று வாரம் பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள். நிறுத்திவிட்டேன் என்றால் விவாதம் வரும், மூன்று வாரம் என்றால் விட்டுவிடுவார்கள்.

காலையில் காபி இறங்கினால்தான் வயிறு கழியும் என்பவர்களுக்கு ஒரு வாரம் மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். காபி பெருங்குடலைத் தூண்டக்கூடியது, அது இல்லாததன் விளைவு. வெந்நீர், கீரை, ராத்திரி ஒரு வாழைப்பழம், போதும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விஷயத்துக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். மனநல மருத்துவர் கொடுத்த லித்தியம் சாப்பிடுகிறீர்கள் என்றால் காபியைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. கஃபீன் லித்தியத்தைச் சிறுநீர் வழியாக வெளியேற்றிக்கொண்டிருந்தது, அது நின்றால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். குளோசபின் என்ற மனநோய் மருந்தில் நேர்மாறு, காபியை விட்டால் அதன் அளவு இறங்கலாம். இரண்டிலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குக் கஃபீன் வெளியேற ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகும், நேற்று வரை ஒத்துக்கொண்ட காபி இன்று படபடப்பைக் கொடுக்க அது ஒரு காரணம். சிகரெட்டை விடுகிறவர்களுக்கும் இதே கதைதான். புகை கஃபீனை வேகமாகக் கழித்துக்கொண்டிருந்தது, புகை நின்றதும் அதே மூன்று காபி ஐந்தாறு காபி மாதிரி வேலை செய்யும். பலர் அதை நிகோடின் ஏக்கம் என்று நினைத்துத் திரும்ப ஒரு பாக்கெட் வாங்குகிறார்கள்.

உங்கள் ஈ.சி.ஜி. சரி என்றீர்கள், தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்ததாக எழுதவில்லை. இரண்டையும் பாருங்கள். தைராய்டு அதிகம் சுரந்தாலும் ரத்தம் குறைந்தாலும் படபடப்பு வரும், காபியைத் திட்டிப் பயனில்லை. ஐந்து காபியில் இரண்டு சாப்பாட்டோடு ஒட்டியே போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காபி, டீயில் உள்ள டானின் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் வேண்டாம் என்று ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டி சொல்வது இதனால்தான். தைராய்டு குறைவுக்கு ஏற்கெனவே தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரையை விழுங்கிய கையோடு காபி குடிப்பதைத் தினமும் பார்க்கிறேன். காபி அந்த மருந்து உறிஞ்சப்படுவதையும் குறைக்கும், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

காபி முழுதாக நின்று மூன்று நான்கு வாரம் ஆகும் வரை உங்கள் மனநிலையைப் பற்றி எந்தத் தீர்ப்பும் எழுதாதீர்கள். அதற்குப் பிறகும் பயமும் விழிப்பும் அப்படியே இருந்தால், அது காபிக்கு முன்னாலேயே இருந்து, காபியின் படபடப்புக்குள் மறைந்திருந்த பதற்றமாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, மனநல மருத்துவரைப் பாருங்கள். நடுவில் எப்போது வேண்டுமானாலும் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் மூன்று வாரம் காத்திருக்காமல் அன்றே பேசுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

எல்லாம் அடங்கி, படபடப்பும் இல்லை, காபி மட்டும் ஏக்கமாக இருக்கிறது என்றால் திரும்பக் குடிக்கலாமா? குடிக்கலாம், காபி விஷம் இல்லை. ஆனால் பழக்கம் விட்டுப்போன உடம்புக்குப் பழைய ஸ்ட்ராங் டம்ளர் ஒன்றே தூக்கிவாரிப்போடும். லீவு நாள் ஒன்றில், காலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து, 60-40 பொடியில் அரை டம்ளர் குடியுங்கள். அன்று மதியம் வரை எப்படி இருக்கிறது, இரவு தூக்கம் எப்படி என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். படபடப்பு வந்தால் உங்கள் உடம்புக்கு டிகாஃப்தான். வரவில்லை என்றால் காலையில் ஒன்று, பத்து மணிக்கு மேல் கிடையாது.